கழக வரலாறு, ஐந்து வரிகளுக்கு மிகாமல்

லீக்கிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
செயலாளர் என்ற இடத்தில் 'திரு' என்று அச்சடித்திருக்கிறார்கள்;
பேனாவால் 'மதி' சேர்த்துவிட்டேன்.
கழகத்தின் பெயர்: கிளென்டார்வி சன்ரைஸ்.
எங்கள் சரிவுக்கு வெயில் எட்டரைக்குத்தான் வரும்,
பெயர் வைத்தவர்களுக்கு அது தெரியாததல்ல.
கீழே ஐந்து கோடு போட்ட ஒரு பெட்டி: வரலாறு.

ஸ்டோர் காரியாலயத்தில் எல்லாரும் போனபின்
அறிக்கைப் புத்தகத்தை விரிக்கிறேன்.
கறையான் தின்றது போக இருப்பது இது.

ஐம்பத்தெட்டு. பிரட்டுக்களத்தில் கூட்டம்.
தலைவர் மரியசவரி, பொருளாளர் ராக்கன்,
பந்து ஒன்று, காற்றடிக்கும் பம்ப் ஒன்று.
மைதானம் கேட்டதற்குத் துரை
தேயிலை பிடிக்காத சரிவைக் காட்டினார்.
மேல் கோலுக்கும் கீழ் கோலுக்கும் ஒன்பதடி வித்தியாசம்.
நாணயம் சுண்டி வென்றால்
முதல் பாதியில் ஏற்றத்தையே கேட்போம்,
களைத்த கால்களுக்கு இறக்கம் மிச்சமிருக்கட்டும் என்று.
வெளியார் அதைக் கள்ள ஆட்டம் என்றார்கள்.

அறுபத்தொன்று. டிக்கோயாவில் பதினொன்றுக்குப் பூச்சியம்.
"மைதானம் சமமாக இருந்தபடியால் தோற்றோம்."
கையொப்பம் தெளிவாக இருக்கிறது.

எழுபத்து மூன்றில் பாஸ்போர்ட் வந்தது.
முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் இருவர்
தலைமன்னார் ரயிலுக்குப் பெட்டி கட்டினார்கள்.
அடுத்த சனிக்கிழமை ஆறு பேர் இறங்கினோம்;
ஏழு வேண்டும் என்றார் நடுவர்.
கொழுந்துச் சாக்குத் தைக்கும் செபமாலைக்கு
நாற்பத்தெட்டு வயது, பூட்ஸ் இல்லை.
அவர் ஏழாவது.

பம்பைத் தவறுதலாகக் கொண்டுபோனவன் அங்கமுத்து.
மூன்று வருடம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து
தபாலில் திருப்பி அனுப்பினான், ஒரு துண்டோடு:
"இங்கேயும் தேயிலைதான். சிலோன்காரன் என்கிறார்கள்.
விளையாட ஆள் சேரவில்லை."

எண்பத்து மூன்று, ஆகஸ்ட். ஒரே வரி:
கோல் வலை எரிந்துவிட்டது.
வேறு எது எரிந்தது என்று புத்தகம் சொல்லவில்லை.
அடுத்த கூட்டம் இரண்டு வருடம் தள்ளி.
வலை பின்னக் கயிறு தந்தவர் ஸ்டோர் பிட்டர் பியதிலக்க,
முப்பது முழம். விலை குறிக்கப்படவில்லை.

பிறகு பையன்கள் கொட்டாஞ்சேனைக் கடைகளில் நின்றார்கள்.
தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஓர் அணி இருந்தது.
மூன்றாம் பிரிவுக்குக் கீழே
பிரிவு இல்லாததால் இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பார்சல்.
கோல்கீப்பர் சிவனுவின் மகன் கனடாவில்,
அவன் துப்புரவு செய்த மைதானத்தில்
ஒரு கழகம் கடனில் மூடிவிட்டதாம்.
அவர்களும் மூன்றாம் பிரிவாம்.
பதினாறு சிவப்புச் சட்டை, நெஞ்சில் அந்த ஊர் இலை.
எங்கள் கூடையில் அப்படி ஒன்று கிடந்தால்
முத்தல் என்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழித்துவிடுவார்.

ஏழாம் இலக்கத்தின் முதுகில் மெக்கின்னன்.
கவ்வாத்து வெட்டும் தயாபரன் அதை மாட்டிக்கொண்டு
கொட்டகலைக்கு எதிராக இரண்டு அடித்தான்.
இப்போது அவன் பெண்டாட்டியே
"மெக்கின்னன், சோறு ஆறுது" என்கிறாள்.
அசல் மெக்கின்னன் யார், எங்கே வேலை,
கழகம் மூடின அன்று வீட்டுக்கு எப்படிப் போனார்,
கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறோம்.
பதில் இல்லை.

சரி, படிவம்.
ஸ்தாபிதம்: 1958.
கிண்ணம்: இல்லை.
மைதானம்: சரிவு, ஒன்பதடி.
சந்தா: கட்டியாயிற்று, பாதி அரைப்பேர்க் காசில்.

வெளியே பயிற்சி. பந்து
ஐந்தாம் நம்பர் மலைக்குள் உருண்டுவிட்டது.
மாட்டுக்குப் புல்லறுக்கப் போன யாரோ மேலே எறிய,
பாதி வந்து திரும்பவும் இறங்குகிறது.
மெக்கின்னன் கத்துகிறான். தூறல் பிடித்துவிட்டது.
பெட்டியில் இன்னும் ஒரு கோடு காலி.